மிதக்கும் டிரெமோலோவை நிலைநிறுத்த: மரத்துண்டா, டிரெமால்-நோவா?

கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையே ஒரு பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்புதான் டிரெமோலோ. அதில் கம்பிகளைப் பூட்டி வைக்கும் ஃபிளாய்டு ரோஸ் வகைப் பிரிட்ஜ் கொண்ட கிட்டாரை மேடையில் வாசிப்பவர் எவருக்கும், அந்தப் பிரிட்ஜை மிதக்கவே விடுவதா, பிடித்து நிறுத்துவதா என்ற கேள்வி ஒரு கட்டத்தில் வந்தே தீரும். மார்த்தாண்டம் பக்கத்து இன்னிசைக் குழுவில் வாசிக்கும் நான் பிடித்து நிறுத்தும் வழியையே தேர்ந்துகொண்டேன். அதிலும், பிரிட்ஜ் மேல்நோக்கி, அதாவது சுருதி ஏறும் பக்கமாக, இழுபடுவதை மட்டும் தடுக்கும் மரத்துண்டு முறையை. அந்த முறையின் பக்கம் சாய்ந்தே இதை எழுதுகிறேன்.

9–42 அளவுக் கம்பித் தொகுதியை (தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 9 முதல் 42 பங்கு வரை)ச் சாதாரண டியூனிங்கில் மாட்டினால் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 38 கிலோ விசையுடன் பிரிட்ஜை இழுக்கின்றன. கிட்டாரின் முதுகுப் பள்ளத்தில் உள்ள ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமன்பட்டு நிற்பதால்தான் பிரிட்ஜ் மிதக்கிறது. ஒரு கம்பியை வளைத்தால் மற்றவை சுருதி இறங்கும்; ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் ஏறிவிடும்; தடித்த கம்பியை ‘இ’ சுரத்திலிருந்து ‘டி’க்கு இறக்கினாலும் அதே கதைதான்.

மூன்று ஸ்பிரிங்கை ஐந்தாக்குவது எளிதாகத் தோன்றும் வழி. ஆட்டம் குறையுமே தவிர நிற்காது. கம்பி அறுந்தால் சுருதி அப்போதும் ஏறும். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பழைய ஆறு திருகுப் பிரிட்ஜாக இருந்தால், ஸ்பிரிங்கை முறுக்கித் தகட்டை உடலோடு படியவைத்தாலே போதும், வேறு எதுவும் வேண்டாம். அடியில் பள்ளம் தோண்டி இறக்கிப் பொருத்திய பிரிட்ஜுக்கு அந்த வசதி இல்லை. அங்கேதான் மரத்துண்டும் டிரெமால்-நோவும் எதிரெதிரே நிற்கின்றன.

டிரெமால்-நோ என்பது ஸ்பிரிங் மாட்டும் கொக்கித் தகட்டின் இடத்தில் பொருத்தப்படும் கருவி. அதன் கைத்திருகுகளைக் கொண்டு முழு மிதப்பு, கீழ்நோக்கி மட்டும் அசைவு, முழுப் பூட்டு என மூன்று நிலைகளுக்கும் மாற்றிக்கொள்ளலாம். மரத்தை வெட்டவோ ஒட்டவோ வேண்டியதில்லை. நண்பர் ஒருவரின் கிட்டாரில் கொஞ்ச காலம்தான் இதை வாசித்திருக்கிறேன். அந்த அளவில் நன்றாகவே வேலை செய்தது. ஆண்டுக்கணக்கில் எப்படித் தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்து உறுதி கூற முடியாது. எனினும், பிடிப்பு முழுவதும் சிறு திருகுகளின் இறுக்கத்தை நம்பியே இருப்பதால், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பு முதுகு மூடியைக் கழற்றி அவற்றைச் சரிபார்க்கவே என் மனம் சொல்லும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது மேடைப் பராமரிப்புதான். கோவில் கொடைக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் வாசிக்கிறோம். களியக்காவிளை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரையும் போகிறோம். பாடகர் மாறினால் அரைக் கட்டை இறக்கச் சொல்வார்கள். மிதக்கும் பிரிட்ஜில் இது பெரும் பாடு: முதல் கம்பியை இறக்கினால் மற்றவை ஏறும், அவற்றைச் சரிசெய்தால் முதல் கம்பி மாறியிருக்கும், கடைசியில் பிரிட்ஜே சாய்ந்து நிற்கும், அதை நிமிர்த்த ஸ்பிரிங்கையும் தளர்த்த வேண்டும். மரத்துண்டின் மேல் அழுந்தி நிற்கும் பிரிட்ஜோ அசைவதில்லை. கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளை இறுக்கும் நட்டின் பூட்டை 3 மி.மீ. ஆலன் சாவியால் திறந்து, கம்பிகளை ஒருமுறை இறக்கிப் பூட்டினால் வேலை முடிந்தது. கம்பியின் இழுப்பு குறைந்ததால் ஸ்பிரிங்கின் கை ஓங்கி, பிரிட்ஜ் இன்னும் அழுத்தமாக உட்காரும். டிரெமோலோ பிடியை அழுத்தும்போது தொடக்கத்தில் சற்றுக் கனமாக இருக்கும் என்பது மட்டுமே வேறுபாடு. பாட்டின் நடுவே கம்பி அறுந்தாலும் மீதி ஐந்தைக் கொண்டு பாட்டை முடித்துவிடலாம்.

துண்டு வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். பிரிட்ஜின் அடியில் தொங்கும் உலோகப் பாளத்துக்கும், கிட்டாரின் கழுத்துப் பக்கச் சுவருக்கும் இடையே, ஸ்பிரிங்குகளுக்கு அடியில் அது உட்கார வேண்டும். எதிர்ப்பக்கத்தில் வைத்தால் கீழ்நோக்கிய அசைவுதான் தடைபடும். பிரிட்ஜை உடலுக்கு இணையாக நிறுத்தி டியூன் செய்துவிட்டு, இடைவெளியில் பழைய அட்டைகளை அடுக்கி அளவெடுக்கலாம். தச்சுப் பட்டறையில் கிடைக்கும் நன்கு உலர்ந்த தேக்குத் துண்டே போதும். ஆனால் மரத்தின் நார் பாளத்திலிருந்து சுவரை நோக்கி ஓடும்படி வெட்ட வேண்டும். மரம் ஈரத்தில் உப்புவது நாருக்குக் குறுக்கே. நாரின் நீளவாக்கில் அது ஏறத்தாழ மாறுவதே இல்லை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மழை கொட்டும் குமரி மாவட்டத்தில் இது சின்ன விஷயம் அன்று. தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து, இருபக்க ஒட்டுப்பட்டையால் சுவரில் ஒட்டினால் போதும். பசை வேண்டாம், நாளை கழற்ற நேரலாம். பிறகு கொக்கித் திருகுகளைச் சிறிது சிறிதாக முறுக்கி, மூன்றாம் கம்பியை வளைத்துக்கொண்டே ஆறாம் கம்பியை மீட்டிப் பார்க்க வேண்டும். ஆறாம் கம்பி இறங்கினால் இன்னும் முறுக்க வேண்டும். இறங்காத இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஈரத்தில் கழுத்து வளைவதை மரத்துண்டு தடுக்காது. அதற்குக் கழுத்தினுள் ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத்தான் திருக வேண்டும்.

இதன் விலை, மேல்நோக்கி இழுக்கும் அசைவு போய்விடுவது. பிடியைத் தட்டி எழுப்பும் படபடப்பும் போய்விடும். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய் 1987இல் ஐபனேஸ் நிறுவனத்துடன் உருவாக்கிய ஜெம் கிட்டாரில் பிரிட்ஜின் பின்னால் பள்ளம் குடைந்ததே மேலே இழுக்க இடம் கிடைப்பதற்காகத்தான். அந்த வாசிப்பை விரும்புவோருக்கு இம்முறை பொருந்தாது. மறுபக்கம், எடி வான் ஹேலன் தம் ஃபிளாய்டு ரோஸை உடலோடு படியவைத்துக் கீழ்நோக்கி மட்டுமே அசைத்தார்; ஆறாம் கம்பியை நொடியில் ‘டி’க்கு இறக்கும் டி-டூனா கருவிக்கும் மேலே அசையாத பிரிட்ஜ்தான் தேவை. எரிக் கிளாப்டனோ ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஐந்து ஸ்பிரிங்கும் மரத்துண்டும் வைத்து அசைவையே நிறுத்திவிட்டார்.

வீட்டில் மிதப்பும் மேடையில் பூட்டும் வேண்டும் என்பவர்கள் டிரெமால்-நோவுக்குச் செலவிடலாம். வாங்கும் முன் பள்ளத்தின் நீளத்தையும் பாளத்தின் வடிவையும் அளந்துகொள்ளுங்கள். எல்லாப் பிரிட்ஜுக்கும் ஒரே வகை பொருந்தாது.