சோடியம் குறைந்த உப்பு: பி.பி. இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு வாங்கலாமா?

சூப்பர் மார்க்கெட்டில் உப்பு வைத்திருக்கும் வரிசையில், இந்துப்புக்கும் கறுப்பு உப்புக்கும் நடுவில் ‘லோ சோடியம்’ என்று ஒரு பாக்கெட் கிடக்கும், சாதா தூள் உப்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை, அதனாலேயே பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் இப்போது அதுதான் ஓடுகிறது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பி.பி. மாத்திரை ரொம்ப வருஷமாகப் போடுகிறார். அம்மாவுக்கு எல்லைக்கோட்டில் நிற்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிட்னி நன்றாக இருந்தால் வாங்கலாம், ஆனால் எந்த பாக்கெட் என்று பார்த்து வாங்க வேண்டும், அப்பளத்தையும் ஊறுகாயையும் அப்படியே விட்டுவிட்டு உப்பை மட்டும் மாற்றினால் காசு தண்டம்.

இதில் இருப்பது என்ன? சாதா உப்பு முழுக்க சோடியம் குளோரைடு. லோ சோடியம் உப்பில் அந்த சோடியம் குளோரைடில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. டாடா சால்ட் லைட் மாதிரி நிறையப் பேருக்குத் தெரிந்த பாக்கெட்டில் 15 சதவீதம் சோடியம் குறைவு என்று போட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழே என்கிறது, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். நம் நாட்டில் நடந்த வெவ்வேறு ஆய்வுகளில் சராசரி 8 முதல் 11 கிராம் வரை வந்திருக்கிறது. 10 கிராம் சாப்பிடுகிறவர் 15 சதவீதம் குறைந்த உப்புக்கு மாறினால் எட்டரை கிராமுக்குச் சமம், அவ்வளவுதான். நல்லதுதான், ஆனால் ‘லைட்’ என்று போட்டிருக்கிறதே என்று ஒரு சிட்டிகை கூடப் போட்டால் அதுவும் போச்சு.

இந்த உப்பின் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததற்கு விளம்பரம் காரணமில்லை, சீனாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு. 600 கிராமங்கள், கிட்டத்தட்ட 21,000 பேர், எல்லோரும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயது தாண்டி பி.பி. இருந்தவர்கள். பாதி கிராமங்களுக்கு முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள், மீதிப் பேர் வழக்கமான உப்பிலேயே இருந்தார்கள். ஏறக்குறைய ஐந்து வருஷம் கழித்து, 2021-ல் முடிவு வந்தபோது, மாற்று உப்பு சாப்பிட்டவர்களில் பக்கவாதம் 14 சதவீதமும், எந்தக் காரணத்தாலும் ஏற்பட்ட இறப்பு 12 சதவீதமும் குறைந்திருந்தன. பி.பி.யின் மேல் அளவு குறைந்தது சராசரியாக மூன்று புள்ளி சொச்சம்தான், பார்த்தால் இதுக்கா இவ்வளவு என்று தோன்றும். அந்தக் கிராமங்களில் உப்பில் பெரும்பங்கு வீட்டு அடுப்பில்தான் சேர்கிறது, நம் வீடுகளும் அப்படித்தான், அதனால் இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். தினமும் ஹோட்டலில் சாப்பிடுகிறவருக்கு இந்த பாக்கெட் ஒன்றும் செய்யாது.

அடுத்து ருசி. நாங்கள் முதலில் 15 சதவீத வகையை வாங்கினோம், சாப்பிட்டவர் யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பிறகு பொட்டாசியம் அதிகமுள்ள இன்னொரு கம்பெனி உப்பு. இதை நாக்கில் வைத்தால் லேசான கசப்பு, உலோக வாடை மாதிரி ஒன்று கடைசியில் நிற்கும். சாம்பார், புளிக்குழம்பு, காரக்குழம்பு, துவையல் எதிலும் தெரியவில்லை, புளியும் காரமும் மூடிவிடுகின்றன. ரசத்தில் அம்மாவுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. மோரில் எல்லோருக்கும் தெரிந்தது. தயிர்சாதத்தில் போட்டால் அப்பா தட்டை நகர்த்தி வைத்துவிடுகிறார். கடைசியில் மோருக்கும் தயிர்சாதத்துக்கும் சாதா உப்பு, ஆனால் பாதி அளவு என்று சமாதானமாகிவிட்டது. இன்னொரு தொல்லை, மழைக்காலத்தில் இந்த இரண்டாவது உப்பு ஜாடியில் கட்டி கட்டியாக இறுகிவிட்டது, கரண்டிக் காம்பால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது.

அளவு விஷயம் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. அம்மா ஆயுசு முழுக்கக் கல்லுப்பைக் கையால் அள்ளிப் போட்டவர். தூள் உப்பு இடைவெளி இல்லாமல் நெருங்கி உட்காரும், அதே கையளவில் எடை கூடுதலாக வரும், கையளவில் போட்டால் மாற்றியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். அதனால் ஜாடிக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்பூனைப் போட்டு வைத்துவிட்டோம். அப்புறம், வயதாக ஆக நாக்கில் ருசி உணர்வு மங்கும், ‘உப்பே இல்லையே’ என்று பெரியவர்கள் சொல்வது வீம்பு இல்லை, அவர்களுக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிகிறது. சாப்பாட்டு மேஜையில் உப்புக் கிண்ணம் இருந்தால் கை அங்கேதான் போகும். எங்கள் வீட்டில் கிண்ணத்தை எடுத்துவிட்டோம், இரண்டு வாரம் முணுமுணுப்பு இருந்தது, பிறகு பழகிவிட்டது.

இனி யார் வாங்கக் கூடாது, அவசரமாகப் படிப்பவர்கள் இதையாவது படித்துவிடுங்கள். கிட்னி பாதிப்பு இருந்தால் உடம்பில் சேரும் பொட்டாசியம் சரியாக வெளியேறாது, ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும், உயிருக்கே ஆபத்து. உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ டாக்டர் இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இந்த உப்பைத் தொடவே வேண்டாம், கதை அங்கேயே முடிந்தது. பல வருஷமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்கு வெளியே தெரியாமலேயே கிட்னி கெட்டிருக்கலாம், அதனால் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டையும் ரத்தத்தில் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. பி.பி.க்காரர்களில் ஏராளமானோர் இவற்றில் ஏதாவது ஒன்றைப் போடுகிறார்கள், எங்கள் அப்பாவும் டெல்மிசார்டன்தான். அவருடைய டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொல்லி, ரிசல்ட் பார்த்து, சரி என்றார், கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும் கிட்னிக் கோளாறு உள்ளவர்களையும், கர்ப்பிணிகளையும், குழந்தைகளையும் சேர்க்கவில்லை. ஒரே சமையல் சாப்பிடும் கூட்டுக்குடும்பம் இதையும் யோசிக்க வேண்டும்.

வீட்டில் உப்பை மாற்றிவிட்டோம் என்று சொன்னதும் சொந்தத்தில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “பெரியவங்களுக்கு சோடியம் குறைஞ்சு ஐ.சி.யூ.ல போடறாங்களே, நீ இன்னும் குறைக்கிறியா?” நியாயமான பயம். ஆனால் வயதானவர்களுக்கு சோடியம் தடாலென்று இறங்குவது பெரும்பாலும் நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், வாந்தி பேதி, அளவுக்கு மேல் தண்ணீர், இதயம், கிட்னி, ஈரல் கோளாறு போன்றவற்றால்தான். சாம்பாரில் உப்பு கொஞ்சம் குறைந்ததால் மட்டும் அப்படி ஆவது அரிது. ஏற்கெனவே ஒரு தடவை சோடியம் இறங்கியவர் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது, ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் பிரிய வைக்கும் மாத்திரை போடுபவர்களும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இந்துப்பு வாங்கினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. இந்துப்பும் கிட்டத்தட்ட முழுக்க அதே சோடியம் குளோரைடுதான், ரோஸ் நிறம் கொஞ்சம் இரும்பால் வருகிறது, தாதுக்கள் என்று சொல்வதெல்லாம் துளித்துளி. விலையும் அதிகம், அயோடின் சேர்க்காத பாக்கெட்டாக இருந்தால் அந்த நஷ்டம் வேறு. வாட்ஸ்அப்பில் பி.பி. குறையும் என்று சுற்றுகிறதே என்றால், என்ன சொல்வது.

உப்பு மாற்றியதைவிட எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது அப்பளம்தான். அதில் உப்பும் உண்டு, அப்பளக்காரமும் உண்டு, இரண்டுமே சோடியம். மோர்மிளகாய், வடகம், கருவாடு, நார்த்தங்காய் எல்லாம் இதே ரகம். பிஸ்கட், பிரெட், மிக்சர் பாக்கெட்டில் சோடியம் மில்லிகிராமில் போட்டிருக்கும், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, மிக்சர் கொறிக்கும்போது யார் கணக்குப் பார்க்கிறார்கள்.

அப்பாவுக்கு பி.பி. இறங்கியதா என்றால், கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் அதே சமயத்தில் அப்பளம் வாரம் ஒரு நாள் ஆனது, சாயங்கால நடையும் ஆரம்பித்தார், மாத்திரையும் நிறுத்தவில்லை, அதனால் உப்புதான் இறக்கியது என்று சொன்னால் அது புளுகு.

விலைதான் பெரிய குறை. 2014-ல் தமிழ்நாடு உப்புக் கழகம் அம்மா உப்பைக் கொண்டு வந்தபோது மூன்று வகைகளில் ஒன்றாக சோடியம் குறைந்த உப்பும் இருந்தது, கிலோ 21 ரூபாய். அந்த மாதிரி விலையில் ரேஷன் கடையிலேயே கிடைத்தால் பக்கவாதத்துக்கு ஆகும் ஆஸ்பத்திரிச் செலவை நினைத்துப் பார்த்து எல்லோரும் வாங்குவார்கள். இப்போதைக்கு, 15 சதவீத வகைக்கு ஐந்தில் மூன்று, பொட்டாசியம் கூடுதலான வகைக்கு கசப்பையும் கட்டியையும் சேர்த்தே ஐந்தில் நான்கு தருவேன். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பொட்டாசியம் குளோரைடு எத்தனை சதவீதம் என்று போடாமல் வெறுமனே ‘ஹார்ட்டுக்கு நல்லது’ என்று மட்டும் போட்டிருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.