200 லீற்றர் பைபர் ஐஸ் பெட்டி: நாலு வருடப் பாவனையும் உருகிய தண்ணீர்க் கணக்கும்

திருகோணமலை மீன் வாடிகளில் பாவிக்கிற ஐஸ் பெட்டிகளில் ஒன்று வெறும் றெஜிபோம் (பாரமில்லாத வெள்ளைப் பொலிஸ்ரைரீன் நுரை), மற்றது உள்ளும் புறமும் பைபர் போட்டு நடுவில் பொலியூரித்தேன் நுரை அடைத்தது. இங்கே சொல்வது இரண்டாவது வகைப் பெட்டியைப் பற்றி. வெளியளவு 100 × 60 × 55 சென்ரிமீற்றர், சுவர் 5 சென்ரிமீற்றர், உள்ளே 200 லீற்றர் கொள்ளும். அடியில் ஓர் அங்குலத் தண்ணீர்த் துவாரம். நாலு கச்சானும் (தென்மேற்குக் காற்றடிக்கிற வெக்கைக் காலம்) நாலு மாரியும் கண்டுவிட்டது.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் “மூன்று நாள் ஐஸ் நிற்கும்” என்று விற்கிறவர் சொன்னால் அதில் ஒன்றும் இல்லை. எவ்வளவு ஐஸ், என்ன வெக்கை, உள்ளே எவ்வளவு மீன் என்று சொல்லாத நாள்கணக்கு அது. வெறும் பெட்டியில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஐஸ் கரையும் என்று கேளுங்கள். அதை விற்கிறவரிடம் கேட்கவும் தேவையில்லை, கையாலேயே கணக்குப் போடலாம்.

சுவர் ஒரு வெப்பத் தடை. நுரையின் தடிப்பு 0.05 மீற்றர், புது நுரையின் வெப்பக் கடத்தாறு (வெப்பத்தை எவ்வளவு லேசாகக் கடத்தும் என்று சொல்லும் எண்) கிட்டத்தட்ட 0.025. வகுத்தால் தடை 2.0. பைபர் தோல் இரண்டுக்கும் சேர்த்து 0.03, வெளிக் காற்றுப் படலத்துக்கு 0.1, உள்ளே காற்றுக்கு 0.15 என்று வைத்தால் மொத்தம் 2.28. உட்பரப்பு 2.16 சதுர மீற்றர், வெளிப்பரப்பு 2.96. இரண்டுக்கும் நடுவில் 2.5 என்று எடுக்கலாம். ஆனி, ஆடியில் இரவும் பகலும் சேர்த்த சராசரி 30 பாகை, ஐஸ் 0 பாகை. 2.5 ஐ 30 ஆல் பெருக்கி 2.28 ஆல் வகுத்தால் 33 வாட். ஒரு கிலோ ஐஸ் கரைய 334 கிலோயூல் வேண்டும். அதை ஒரு நாளின் 86,400 செக்கனால் வகுத்தால் 3.87 வாட். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: நாளுக்கு ஒரு கிலோ கரைகிறது என்றால் கிட்டத்தட்ட 3.9 வாட் உள்ளே வருகிறது. 33 வாட்டுக்கு 8.5 கிலோ. மாரியில் சராசரி 26 பாகைக்கு இறங்கினால் 7.4 கிலோ.

அதே அளவில் 2.5 சென்ரிமீற்றர் றெஜிபோம் பெட்டி என்றால் நாளுக்கு 20 கிலோ தாண்டும். பைபர் பெட்டியின் விலைக்கு நியாயம் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

இனி அளக்கிற வேலை. மீன் இல்லாமல் 40 கிலோ ஐஸைப் போட்டு, நிழலில், துவாரப் பக்கம் ஓர் அங்குலம் சரித்து வைக்க வேண்டும். முதல் 6 மணித்தியாலத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதில் சுவர் குளிர்ந்த வெப்பமும் கலந்திருக்கும். அடுத்த 12 மணித்தியாலத் தண்ணீரை வாளியில் பிடித்து, நிறுத்து, இரண்டால் பெருக்குங்கள். பகலில் 12, இரவில் 12 என்று இரண்டு தரம் செய்து சராசரி எடுத்தால் இன்னும் சரி. வாளியும் மீன் நிறுக்கிற தராசும்தான் கருவி.

புதுப் பெட்டியில் வந்தது 9.5 கிலோ. கணக்கை விட ஒரு கிலோ கூட. அதற்குக் காரணம் மூடி என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் வருடக் கச்சானில் அது 14 ஆனது. வாடியில் எல்லாரும் சொன்னது “நுரை போய்விட்டது”. நுரையில் ஒரு பிழையும் இருக்கவில்லை. தண்ணீர் தானாக இறங்கட்டும் என்று அடித் துவாரத்து மூடியைக் கழற்றி விட்டிருந்தது, மேல்மூடியின் இறப்பர் பட்டியும் ஒரு மூலையில் நசிந்திருந்தது. தனித்தனியே இரண்டும் சின்ன விஷயம். சேர்ந்தால் பெட்டி ஒரு தலைகீழ்ப் புகைபோக்கி. உள்ளே 0 பாகைக் காற்று பாரம், வெளியே 32 பாகைக் காற்று இலேசு. 45 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அமுக்க வித்தியாசம் அரைப் பஸ்காலுக்குச் சற்றுக் கூட. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஓர் அங்குலத் துவாரம் வழியே மணிக்கு முக்கால் கன மீற்றர் குளிர்காற்றை வெளியே தள்ள அது போதும். அவ்வளவு சூடான காற்று மேலே நசிந்த மூலையால் உள்ளே வரும்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி நசிந்த மூலையில் பிடியுங்கள். மேலே போக வேண்டிய புகை வளைந்து பெட்டிக்குள் இழுபடும். அதே நேரம் அடித் துவாரத்தின் கீழே ஈரக் கையை வைத்தால் விரல் நுனி சில்லிடும். துவாரத்தை அடைத்தவுடன் புகை நேராக நிற்கும்.

இந்தக் காற்று வெறும் சூட்டை மட்டும் கொண்டுவருவதில்லை. நம் கடற்கரைக் காற்று ஈரம். 32 பாகை, 70 வீத ஈரப்பதன் என்றால் ஒரு கன மீற்றரில் 23 கிராமுக்கு மேல் நீராவி. அதில் 18 கிராமுக்கு மேல் ஐஸில் ஒடுங்கும். ஒடுங்கும்போது விடுகிற மறைவெப்பம், காற்றின் சூட்டை விடக் கூட. இரண்டும் சேர்ந்து கன மீற்றருக்கு 84 கிலோயூல், அதாவது கால் கிலோ ஐஸ். ஒரு நாளைக்கு 17 கன மீற்றர் நுழைந்தால் 4 கிலோவுக்கு மேல். தராசு காட்டிய கூடுதல் 4.5.

திருத்தம் மலிவு. துவாரத்தில் அரை மீற்றர் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, அதைக் கீழே வளைத்து மேலே தூக்கிக் கட்டினால் வளைவில் தண்ணீர் தேங்கி நிற்கும். 5 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 490 பஸ்கால். அரைப் பஸ்கால் காற்றால் அதை அசைக்க முடியாது, உருகிய தண்ணீர் மட்டும் வழிந்து போகும். குழாயின் வாய் பெட்டியின் அடித்தளத்தை விட உயராமல் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். செதிளும் சளியும் வளைவில் அடைக்கும், வாரத்துக்கு ஒரு தரம் கழுவ வேண்டும். இறப்பர் பட்டிக்குச் சோதனை 20 ரூபாய்த் தாள்: மூடிக்கு இடையில் வைத்து இழுத்தால் இறுக வர வேண்டும், வழுக்கி வந்தால் அந்த இடத்தில் பட்டி மாற்ற வேண்டும். இரண்டையும் செய்த பிறகு மறுபடி 9.5.

மூடியை அடிக்கடி திறக்காதே என்று தொழிலாளரைப் பேசுவதில் பெரிய பயன் இல்லை. பாதி நிரம்பிய பெட்டியை ஒரு தரம் திறந்தால் மாறுகிற காற்று அதிகமாகப் பார்த்தாலும் 100 லீற்றர், அதாவது 25 கிராம் ஐஸ். 20 தரம் திறந்தாலும் அரைக் கிலோ. கச்சான் காற்று சுவரில் அடிப்பதும் அப்படித்தான்: வெளிப்படலத்தின் தடை 0.1 இலிருந்து 0.03 ஆகக் குறைந்தாலும், மொத்தம் 2.28 இல் அது 3 வீதம். மேற்காவுகை, அதாவது காற்றோ தண்ணீரோ ஓடி வெப்பத்தைக் காவுவது, எவ்வளவு பலமாக இருந்தாலும் நுரைதான் வாசல் காக்கிறது. வெள்ளைப் பெயின்ற் நல்லது, ஆனால் இந்தத் தடிப்பில் மூடியில் மிச்சமாவது நாளுக்கு அரைக் கிலோவுக்கும் கீழே. றெஜிபோம் பெட்டிக்கு அது ஒரு கிலோ வரும், அங்கே பூசலாம்.

நாலாம் வருடம் மறுபடி 14. இம்முறை குழாய் வளைவில் நிற்கிற தண்ணீர்ப் பூட்டு சரி, பட்டியும் சரி. வெறும் பெட்டியைத் தராசில் ஏற்றியபோது வாங்கிய அன்றைய நிறையை விட 6 கிலோ கூட. நுரை முழுவதுமே 5 கிலோ அளவுதான், ஆகவே அதற்குள் தண்ணீர். கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், மூடியின் ஒரு கிலோவைக் கழித்து 13 கிலோ, 50 வாட், மொத்தத் தடை 1.49, படலங்களையும் தோலையும் கழித்தால் நுரைக்கு 1.21, கடத்தாறு 0.041. புதிதில் 0.025. தண்ணீரின் கடத்தாறு 0.6 என்பதால் நுரையின் சின்ன இடங்களில் புகுந்தாலே இப்படி ஏறும்.

தண்ணீர் போன வழி துவாரக் குழாயும் பைபரும் சேரும் விளிம்பு. அங்கே சிலிக்கன் மட்டும் பூசியிருந்தது; ஐஸ் கட்டி விழுந்து விழுந்து வெடித்துவிட்டது. வெயிலில் கவிழ்த்துக் காயவைப்பது வீண்வேலை. மூடிய கண்ணறை நுரையில் போன தண்ணீர் லேசில் வெளியே வராது. அடித்தளப் பைபரை வெட்டி, ஊறிய நுரையைச் சுரண்டி எடுத்து, இரண்டு திரவம் கலக்கிற நுரையை ஊற்றி, மேலே பைபர் இழைப் பாயும் ரெசினும் இரண்டு படை போட வேண்டும். குழாய் விளிம்பையும் சிலிக்கன் இல்லாமல் ரெசினால் கட்ட வேண்டும். நுரை கலவையை ஒரேயடியாக ஊற்றினால் பொங்கித் தளத்தை வளைக்கும். மூன்று தரமாக ஊற்றுவது நல்லது. அதன் பின் 10 கிலோ. பக்கச் சுவரில் கொஞ்சம் ஈரம் மிச்சம் போல.

மீன் போட்டால் கணக்கு வேறு. 60 கிலோ மீனை 29 பாகையிலிருந்து 0 க்கு இறக்க மட்டும் 18 கிலோ ஐஸ் போகும். சுவர் இழப்பு அதற்கு மேலே. ஐஸ் இருக்கிறது என்பதற்காக மீன் குளிர்ந்துவிட்டது என்றும் இல்லை. 5 சென்ரிமீற்றர் தடிப்புப் பாரை மீனை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் சூழ வைத்தால் நடு 3 பாகைக்கு வர ஒன்றரை மணித்தியாலம். அதே மீன் ஐஸ் தொடாமல் பெட்டிக் காற்றில் மட்டும் கிடந்தால் 8 மணித்தியாலம் தாண்டும். இங்கே மேற்காவுகைதான் எல்லாம். 10 சென்ரிமீற்றர் அறுக்குளாவுக்கு ஐஸுக்குள்ளேயே 5 மணித்தியாலத்துக்கு மேல், ஏனென்றால் உள்ளே கடத்தலுக்கு எடுக்கிற நேரம் தடிப்பின் வர்க்கத்தோடு ஏறும். பெரிய மீனை நடுவிலும் அடியிலும், ஐஸ் படைக்கு மேல் மீன், மீனுக்கு மேல் ஐஸ் என்று அடுக்க வேண்டும். முழு ஐஸ் கட்டியை மேலே தூக்கி வைப்பது பார்க்கத்தான் அழகு.

கடைசியாக அந்த மூடி. பிணைச்சல் ஆணி துருப்பிடித்துக் கழற்றியபோது உள்ளே நுரை 3 சென்ரிமீற்றர்தான் இருந்தது. மூடியின் தடை 1.48 க்கு இறங்கி, நாளுக்கு ஒரு கிலோ அந்த வழியால் போயிருக்கிறது. கீழ்ப்பக்கத்தில் 2.5 சென்ரிமீற்றர் றெஜிபோம் பலகையைத் தடித்த பொலித்தீனில் சுற்றி, ஓரத்தை ஒட்டிப் பொருத்தினால் 0.8 கிலோ மிச்சம். பலகை விளிம்பில் 1 சென்ரிமீற்றர் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் இறப்பர் பட்டி அமராது. பிணைச்சலுக்குத் துருப்பிடிக்காத ஆணி, ஒவ்வொரு ஆணித் துளையிலும் ஒரு சொட்டு ரெசின்.