மீண்டும் ஆயுதம் எடுப்பாரா? கணிக்க இரு வழிகள்

தண்டனை முடிந்து பென்னாகரம் திரும்பும் ஒரு பயங்கரவாதக் கைதி மறுபடி வன்முறைக்குப் போவாரா? வயது, பழைய வழக்குகள் ஆகியவற்றைக் கூட்டி மதிப்பெண் போடுவது ஒரு வழி. திருட்டு வழக்குகளில் இது எடுபடும். பயங்கரவாதத்திலோ குற்றவாளிகளே குறைவு, மறுகுற்றம் அதிலும் குறைவு, கணக்கு நொண்டும்.

பிரிட்டனின் ஈஆர்ஜி 22+ என்ற தீவிரவாத ஆபத்து மதிப்பீட்டு முறை இன்னொரு வழி. ஈடுபாடு, நோக்கம், திறன் என 22 காரணிகளை நேர்காணலில் அலசும், கூட்டுத்தொகை கிடையாது. தருமபுரி பஸ் நிலையத்தில் அவரை அழைத்துப்போக வருவது அண்ணனா, பழைய கூட்டாளியா என்று நன்னடத்தை அலுவலர் துருவிக் கேட்க இதில்தான் இடமுண்டு. என் ஓட்டு இதற்கே. ஆனால் நன்றாக நடிப்பவரிடம் இதுவும் ஏமாறும்: 2019இல் லண்டன் பிஷ்மாங்கர்ஸ் ஹாலில் இருவரைக் கொன்ற உஸ்மான் கானும் இப்படி மதிப்பிடப்பட்டவர்தான்.