நட்சத்திர முத்திரையை நம்பிப் பழைய வில்லுக்கத்தி வாங்க முன்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் பழைய சாமான் தேடி வாங்குகிறவர்கள் இதைப் பொறுமையாக வாசியுங்கள். போன மாதம் 38,000 ரூபா கொடுத்து ஒரு பழைய வில்லுக்கத்தி, அதாவது அலகை மடக்கி வைக்கிற கத்தி, வாங்கினேன். அதில் இருந்த முத்திரை பொய். விற்றவர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை.

ஏன் அவ்வளவு காசு கொடுத்தேன் என்பதை முதலில் சொல்கிறேன். என் அம்மப்பாவிடம் ஒரு வில்லுக்கத்தி இருந்தது. பாக்குச் சீவ, புகையிலை நறுக்க, எங்களுக்கு மாங்காய் வெட்டித் தர, எல்லாவற்றுக்கும் அதுதான். அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் பக்கத்தில் ஒரு சிலுவையும் இருக்கும். வீட்டில் ‘நட்சத்திரக் கத்தி’ என்றுதான் சொல்வோம். 2009 இடம்பெயர்வில் அதுவும் போய்விட்டது. எந்த இடத்தில் விழுந்தது என்று அம்மாவுக்கும் தெரியாது. அந்த நட்சத்திரமும் சிலுவையும் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஜோசப் றொட்ஜர்ஸ் அன்ட் சன்ஸ் கம்பனியின் அடையாளம், 1764இல் பதிவானது என்பதெல்லாம் பல வருடங்களுக்குப் பிறகு நானாகத் தேடி அறிந்தவை. அன்றிலிருந்து அதே மாதிரி ஒன்று கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விற்றவர் பேச்சில் கெட்டிக்காரர். “தம்பி, இது 1860ஆம் ஆண்டுக் கத்தி. இரணைமடுக் குளம் கட்டேக்க வெள்ளைக்கார எஞ்சினியர் எங்கட பூட்டனுக்குக் குடுத்தது” என்றார். குள வேலை 1902இல் தொடங்கியது எனக்குத் தெரியும். எஞ்சினியர் தன் பழைய கத்தியைக் கொடுத்திருக்கலாமே என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். படத்தில் நட்சத்திரம் தெரிந்தது, சிலுவை தெரிந்தது, கிரீடத்தோடு ‘வி ஆர்’ என்று விக்டோரியா மகாராணியின் எழுத்தும் தெரிந்தது. முழுக் காசையும் வங்கிக்குப் போட்டேன். கத்தி பஸ்ஸில் பார்சலாக வந்தது.

கையில் எடுத்ததும் முதல் சந்தேகம், கம்பனிப் பெயருக்குக் கீழே இருந்த ‘இங்கிலாந்து’ என்ற சொல். 1890இல் அமெரிக்கா மெக்கின்லி சுங்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கே இறக்குமதியாகும் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஷெஃபீல்ட் கத்திகளில் ஊர்ப் பெயரோடு நாட்டுப் பெயரும் வழக்கமாக வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1860ஆம் ஆண்டுக் கத்திக்கு அது பொருந்தவில்லை. அப்புறம் சிலுவையைப் பார்த்தேன். றொட்ஜர்ஸின் சிலுவை மால்ட்டாச் சிலுவை. நான்கு கைகளும் வெளியே போகப் போக அகலும். இதில் இருந்தது கணக்குப் பாடத்துக் கூட்டல் குறி.

பரந்தன் பக்கம் இரும்பு வேலை செய்யும் ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் கத்தியை வெயிலில் சாய்த்துப் பிடித்து, பெருவிரல் நகத்தால் எழுத்தின் மேல் ஒருதரம் இழுத்தார். “தம்பி, இது அடிச்ச எழுத்தில்லை, அரிச்ச எழுத்து” என்றார்.

அந்த வித்தியாசத்தை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கத்திகளின் அலகு கைப்பிடிக்குள் போகும் இடத்தில், கூர் இல்லாத ஒரு சிறு சதுரப் பகுதி இருக்கும். செய்தவரின் முத்திரை அங்கேதான். இரும்பைக் கடினப்படுத்த முன், எழுத்து வெட்டிய உளியை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அதனால் எழுத்துக்கு ஒரு பக்கம் ஆழம் கூடும், ஒரு பக்கம் குறையும், கரை கொஞ்சம் எழும்பி நிற்கும். அமிலத்தாலோ, உப்புத் தண்ணீரும் பற்றரியும் வைத்தோ அரித்தால் ஆழம் எல்லா இடமும் ஒரே அளவாக இருக்கும். எழுத்தின் அடித்தளம் சொரசொரவென்று மங்கிக் கிடக்கும். என் கத்தியில் இன்னொன்றும் இருந்தது. அலகு முழுக்கத் துருக் குழிகள். அந்த எழுத்துகளின் விளிம்பு மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூராக இருந்தது. இரும்பு தேய்ந்தால் அதன் மேலுள்ள எழுத்தும் சேர்ந்துதானே தேய வேண்டும்? ஐயா அந்த இடத்தில் ஒரு சின்ன இரும்பு அளவுகோலைக் குத்தாக வைத்துக் காட்டினார். நடுவில் வெளிச்சம் கசிந்தது. முதலில் இருந்த முத்திரையை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில்தான் இதை எழுதியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கியும் கொண்டு உட்கார்ந்தேன். கத்தியில் இரண்டு அலகுகள். சின்ன அலகை அவர்கள் கவனிக்கவில்லைப் போல. அதன் அடியில் இருந்த கறுப்பு அழுக்கு கரைந்ததும், டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். ஐ, என், ஜி, ஈ, என். முன்னால் உள்ளது தேய்ந்துவிட்டது, ஆனால் ஊர் சோலிங்கன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜேர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர். ஆக, அது உண்மையிலேயே நல்ல பழைய கத்தி. செய்தவரின் பெயர் பெரிய அலகில் இருந்திருக்கும். அதைத்தான் ராவிப் போட்டார்கள். காசு போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை. உள்ளதைச் சொல்லி விற்றிருந்தாலும் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

விற்றவரிடம் கேட்டதற்கு, “பழைய சாமான் பாத்துத்தான் வாங்கோணும் தம்பி” என்று ஒரே ஒரு வரி பதில் வந்தது. அதோடு சரி.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அதே ஆள் இந்தக் கிழமை இன்னொரு கத்தியைப் படம் போட்டிருக்கிறார், அதே பச்சைத் துணியின் மேல் வைத்து. இரண்டாம் உலகப் போர்க்காலத்து வவுனியா விமானத்தளத்தில் வெள்ளைக்காரப் படை விட்டுப்போனதாம். பிரித்தானிய அரசுச் சொத்துக்கு இடுகிற அம்புக்குறி தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம்தான். அந்தக் காலத்துப் படைக் கத்திகள் பலவற்றில் அம்போடு ஆண்டையும் செய்தவரின் பெயரையும் சேர்த்தே அடித்திருப்பார்கள். வாங்க யோசிக்கிறவர்கள் எல்லா அலகுகளின் அடியையும் இரண்டு பக்கமும், வெளிச்சம் சாய்வாக விழ, கிட்டப் பிடித்த படம் கேளுங்கள். கத்தியைக் கையில் பார்க்கும் வரை ஒரு ரூபாவும் போட வேண்டாம். ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல்லும் ‘வி ஆர்’ எழுத்தும் ஒரே கத்தியில் இருந்தால் பேச்சையே விட்டுவிடுங்கள்: மகாராணி இறந்தது 1901இல், ஷெஃபீல்டில் ஹரி பிரியர்லி அந்த உருக்கைச் செய்தது 1913இல்.

என் கத்தியின் படங்களை, பெரிய அலகு, சின்ன அலகு இரண்டையும், கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன்.