சின்ன டர்போ காரில் சாதாரண பெட்ரோல்: எல்லாம் சரிதான், அந்த மூன்றாம் கியரைத் தவிர

நான் வைத்திருக்கும் அதே காரை, அதே ஒரு லிட்டர் டர்போ இன்ஜினோடு, நண்பர் ஒருவரும் வாங்கியிருக்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி: "சாதாரண பெட்ரோலே போட்டுக்கலாமா, பிரீமியம்தான் போடணுமா?" போனில் சொல்ல ஆரம்பித்தது முடியவே இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன். காரின் மற்ற விஷயங்களை எல்லோரும் அலசிவிட்டார்கள். நான் பெட்ரோலை விட்டு வெளியே போகப்போவதில்லை.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து உள்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். என் காரில் 95 ஆக்டேன் பரிந்துரை, குறைந்தபட்சம் 91 என்று இருக்கிறது (ஆக்டேன் என்பது தானாக வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண், பிரீமியத்தில் பொதுவாக அதிகம்; விளக்கம் கீழே). ஆக, சாதாரணமான 91-ஐ ஊற்றுவதைக் கம்பெனியே அனுமதித்திருக்கிறது. குறைந்தபட்சமே 95 என்று போட்டிருக்கும் கார்க்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், பிரீமியம்தான். நான் ஆரம்பத்தில் கொஞ்ச காலம் பிரீமியம் போட்டுவிட்டு, அப்புறம் சாதாரணத்துக்கு வந்து, பெரும்பாலும் அதிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆவதில் எந்த வித்தியாசமும் இல்லை. சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது எந்தப் பெட்ரோல் உள்ளே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சர்வீஸில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது சுத்தமாகவே இருந்தது. மைலேஜ் லேசாகக் குறைந்த மாதிரி இருக்கிறது. ஆனால் டயர் காற்றும் டிராஃபிக்கும் செய்யும் வித்தியாசம் அதைவிடப் பெரியது. அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ 2017-இல், பிரீமியம் பரிந்துரைக்கப்பட்ட கார்களைச் சோதித்துப் பார்த்தது. பிரீமியம் போட்டதில் சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும்தான் கூடின. இரண்டு பெட்ரோலுக்கும் நடுவே விலை வித்தியாசம் 2.7 சதவீதத்தைத் தாண்டினால், சராசரி கணக்குப்படி பிரீமியம் நஷ்டம். இதில் வாதாட எதுவும் இல்லை.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன்.

வெயில் நேரம், ஏசி ஓடுகிறது, காரில் நாலு பேர், முன்னால் ஒரு ஏற்றம். மூன்றாம் கியரில் இன்ஜின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பிரீமியத்தில் டர்போ வந்து தூக்கிக்கொண்டு போகும். சாதாரணத்தில் முதலில் சின்னச் சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போல 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், ஒரு கணம்தான் கேட்கும். உடனே இழுவை தளர்ந்துவிடும். இன்னும் மிதித்தாலும் கார் யோசிக்கும். இரண்டாம் கியருக்கு இறக்கினால் கிளம்பிவிடும், ஆனால் இரைச்சலோடு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியக்கூடத் தெரியாது. எனக்கு மட்டும் ஒவ்வொரு ஏற்றத்திலும் பற்றிக்கொண்டு வரும்.

இது ஏன் நடக்கிறது என்று தேடித் தேடிப் படித்திருக்கிறேன். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ, பிளக்கிலிருந்து சிலிண்டரின் ஓரங்கள் வரை பரவ வேண்டும். தீ போய்ச் சேருவதற்குள் ஓரத்தில் இருக்கும் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். ஆக்டேன் எண் என்பது இப்படித் தானாக வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு, அவ்வளவுதான். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு அவற்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. அதில் கூடுதல் சக்தி ஒன்றும் இல்லை. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் ஓரத்துக் கலவைக்கு வெடிக்க நேரமும் நிறையக் கிடைக்கிறது. என் ஏற்றம், என் மூன்றாம் கியர், என் வெயில் என மூன்றும் அதற்குத் தோதாக அமைந்துவிடுகின்றன.

இன்ஜின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் உண்டு. நாக்கிங்கின் அதிர்வை அது பிடித்ததும் கம்ப்யூட்டர் பிளக் பொறியைக் கொஞ்சம் தாமதமாக்கும், டர்போ அழுத்தத்தையும் குறைக்கும். பிஸ்டன் பிழைத்துக்கொள்ளும், இழுவை போய்விடும். நியாயமாகப் பார்த்தால் நான் இதற்கு நன்றி சொல்ல வேண்டும். இந்த சென்சார் இல்லாத பழைய கார்களில் டிரைவர்தான் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது. கவனிக்காவிட்டால் பிஸ்டனில் ஓட்டைகூட விழலாம். ஆனால் எனக்கு வரும் கோபம் வேறு. டயரில் காற்று கொஞ்சம் இறங்கினால் விளக்கு எரிகிறது, சீட் பெல்ட் போடாவிட்டால் கத்துகிறது, கதவு சரியாகச் சாத்தவில்லை என்று படம் போட்டே காட்டுகிறது. இன்ஜின் பாதி பலத்தில் ஓடினாலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சரி, பாதி என்பது அதிகம்தான். அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றும்.

இன்னொரு தொல்லை, பெட்ரோலை மாற்றியவுடன் காரின் குணம் மாறாது. பிரீமியம் ஊற்றினாலும் பழைய பெட்ரோல் மிச்சத்தோடு கலந்துதான் இருக்கும். கம்ப்யூட்டரும் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் தைரியம் வந்து பொறியை முன்னால் கொண்டுவரும். ஒருமுறை பிரீமியம் ஊற்றிவிட்டு வெளியே வந்ததும் மிதித்துப் பார்த்து "வித்தியாசமே இல்லை" என்று எழுதுபவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

எண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வீடியோக்களில் "87 போட்டு ஓட்டுகிறேன், பிரச்சினையே இல்லை" என்பார்கள். அமெரிக்காவில் பம்பில் எழுதும் எண் இரண்டு வகை சோதனைகளின் சராசரி. உலகின் பல இடங்களில் எழுதுவது ஆர்ஓஎன் என்ற ஒரே சோதனையின் எண். அங்கத்திய 87 கிட்டத்தட்ட ஆர்ஓஎன் 91-க்குச் சமம். இது தெரியாமல் கார் மேனுவலோடு ஒப்பிட்டால் குழப்பம்தான்.

என்னை உண்மையிலேயே கொதிக்கவைப்பது சர்வீஸ் சென்டரில் நடந்தது. இழுவை பற்றிப் புகார் சொன்னதும், "பிரீமியம் போடுங்க சார், இன்ஜின் சுத்தமாகும்" என்றார் ஒருவர். ஆக்டேன் எதையும் கழுவாது. சுத்தம் செய்வது பெட்ரோலில் கலக்கும் டிடர்ஜென்ட். பல இடங்களில் அது சாதாரணத்திலும் இருக்கிறது. ஆக்டேனை ஏற்றாமல் டிடர்ஜென்ட் மட்டும் சேர்த்துவிட்டு பிரீமியம் என்று விற்பவர்களும் உண்டு, அதை ஊற்றினால் என் ஏற்றத்தில் ஒரு மாற்றமும் வராது. போதாததற்கு இது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், எவ்வளவு நல்ல டிடர்ஜென்டாக இருந்தாலும் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் பின்புறத்தைத் தொடக்கூட வழியில்லை. இதைச் சொன்னதும் அவர் பில்லை நீட்டினார்.

டர்போ இல்லாத, சாதாரணத்துக்கென்றே செய்த சின்ன கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சையெல்லாம் கண்டுகொள்ளவே வேண்டாம். ஏஏஏ 2016-இல் சாதாரணத்துக்கென்றே செய்த வண்டிகளையும் சோதித்தது. பிரீமியத்தால் சக்தியிலும் மைலேஜிலும் புகையிலும் பலன் ஒன்றும் கிடைக்கவில்லை. தாங்கும் திறன் தேவைப்படாத இன்ஜினில் அதை ஊற்றி என்ன செய்வது?

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: சாதாரணமே போடுங்கள். நீங்கள் போகிற வழி முழுக்கச் சமதளம், தனியாகத்தான் போகிறீர்கள், காரை விரட்டுகிறவரும் இல்லை. எப்போதாவது அந்த 'டிக் டிக்' கேட்டால் ஒரு கியர் இறக்குங்கள். சத்தம் நிற்காமல் தொடர்ந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிளக்கோ, உள்ளே படிந்த கார்பனோ, கூலன்டோ காரணமாக இருக்கலாம். "அப்போ நீங்களும் சாதாரணம்தானே?" என்றார். இல்லை, அடுத்த டேங்கிலிருந்து நான் பிரீமியத்துக்குத் திரும்புகிறேன். கணக்குக் கேட்காதீர்கள், மேலே நானே எழுதியிருக்கிறேன், அது எனக்கு எதிராகத்தான் இருக்கிறது.