டூயல்-பேண்ட் நெபுலா படங்களுக்கு சிரில் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரிலிருந்து, வண்ணக் கேமராவில் டூயல்-பேண்ட் ஃபில்டர் (ஹைட்ரஜன், ஆக்சிஜன் வாயுக்களின் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) போட்டு நெபுலா, அதாவது விண்வெளி வாயு மேகங்களை, எடுப்பவர்கள் காசு கொடுத்து மென்பொருள் வாங்க அவசரப்பட வேண்டாம். வானியல் படங்களை அடுக்கிச் செம்மைப்படுத்தும் சிரில் (Siril) மென்பொருளே தாராளமாகப் போதும். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் சாதாரண வண்ணப் படத்துக்கான ஸ்கிரிப்டை (வரிசையாகத் தானே ஓடும் கட்டளைத் தொகுப்பை) இதற்கும் ஓட்டினால், படம் முழுக்கச் செக்கச்செவேலென்று ஒரே பூச்சாகத்தான் வரும்.

காரணம் சென்சாரில் இருக்கிறது. நான்கு பிக்சலில் ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை, ஒன்று நீலம். ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளியின் அலைநீளம் 656.3 நானோமீட்டர், அதைப் பிடிப்பது கிட்டத்தட்ட சிவப்புப் பிக்சல் மட்டும். ஆக்சிஜன்-3 ஒளி இருப்பது 500.7-இல், பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில். மிச்ச மூன்று பிக்சலும் அதை வாங்கிக்கொள்ளும். முதலிலேயே டிபேயர் செய்தால், அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறமும் வரும்படி வண்ணப் படமாக்கினால், இல்லாத மதிப்புகளை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்பும். பல டிபேயர் முறைகள் ஒரு நிறத்தை ஊகிக்க மற்ற நிறங்களையும் பார்க்கும். அங்கேதான் பலமான ஹைட்ரஜன், மெலிந்த ஆக்சிஜனுக்குள் கசிகிறது.

சிரிலில் இதற்கென்றே ஓஎஸ்சி எக்ஸ்ட்ராக்ட் ஹெச்ஏ-ஓ3 என்ற ஸ்கிரிப்ட் உண்டு. லைட்ஸ் (நெபுலா படங்கள்), டார்க்ஸ் (மூடி போட்டு அதே எக்ஸ்போஷரில் எடுத்தவை), ஃப்ளாட்ஸ் (சீரான வெளிச்சத்தை எடுத்தவை), பயாசஸ் (மூடி போட்டு மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் எடுத்தவை) என நான்கு ஃபோல்டர். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஓட்டம் பாதியில் நின்றுவிடும். டிபேயர் செய்யாமலேயே இரண்டு ஒளியையும் பிரித்து, தனித்தனியாக அடுக்கி, இரண்டு கறுப்பு-வெள்ளைப் படங்களாகக் கொடுக்கும். இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைக்கலாம்.

ஓட்டுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். ஒரே ஒரு லைட் ஃபிரேமை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். ரோசெட் நெபுலா ஹைட்ரஜன் படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும். அது மங்கி ஆக்சிஜன் படம் பிரகாசமாக இருந்தால், பேயர் வரிசை (சென்சாரில் நிறப் பிக்சல்கள் அமைந்திருக்கும் ஒழுங்கு) தவறு. படத்தின் வரிசை மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்பதில் கேமரா மென்பொருளும் சிரிலும் முரண்படும்போது இப்படி ஆகும். டிபேயர் அமைப்பில் வரிசையைக் கையால் மாற்றினால் சரியாகிவிடும்.

பலர் சறுக்குவது ஃப்ளாட்டில். ஃப்ளாட் எடுக்க வெளிச்சத்துக்கு வைக்கும் வரைபலகையின் எல்இடி பெரும்பாலும் வெள்ளை. அதில் 656 நானோமீட்டர் வெளிச்சம் குறைவு. ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பாதியில் நிற்கிறது என்று நம்பி எடுத்துவிடுவோம். ஆனால் அது பச்சையும் நீலமும் மட்டும், சிவப்பு அடிமட்டத்தில் கிடக்கும். அந்த ஃப்ளாட்டால் வகுத்தால் ஹைட்ரஜன் படத்தில் இரைச்சல்தான் கூடும். மஞ்சள் சாயலான வார்ம் பலகையை வைத்து, பச்சை எரிந்துபோகாத எல்லை வரை எக்ஸ்போஷரை நீட்டுங்கள். ஃப்ளாட்களின் எண்ணிக்கையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

டார்க் விஷயம் எளிது. இங்கே இரவிலும் 25, 26 டிகிரி இருக்கும். கேமராவின் கூலர் 35 டிகிரி குறைக்கும் என்று விளம்பரம் சொன்னாலும் மைனஸ் 10-ஐக் கேட்காதீர்கள். கூலர் முழு மூச்சில் ஓடியும் வெப்பநிலை நிலையாக நிற்காது. மைனஸ் 5 அல்லது 0 போதும். டார்க்கும் அதே வெப்பநிலையில் எடுக்க வேண்டும்.

பின்னணி நீக்கத்தில், அதாவது வானத்தில் படரும் ஊர் வெளிச்சத்தைக் கழிப்பதில், சிரில் நன்றாகவே செய்கிறது, கொஞ்சம் கைவேலை கொடுத்தால். மார்ச், ஏப்ரலில் கரீனா நெபுலா நமக்குத் தெற்கே சுமார் 25 டிகிரி உயரத்துக்குமேல் ஏறாது. அந்தப் பக்கம்தான் ஈப்போ வெளிச்சம். பழைய சோடியம் விளக்கின் 589 நானோமீட்டரை ஃபில்டர் அப்படியே தடுத்துவிடும். வெள்ளை எல்இடி எல்லா அலைநீளத்திலும் பரவியிருப்பதால் ஒரு பங்கு உள்ளே வந்தே தீரும். பின்னணியை அளக்கச் சிரில் தானாக வைக்கும் மாதிரிப் புள்ளிகளில் நெபுலாமேல் விழுந்தவற்றை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, முதல் படி பாலினோமியல் (பின்னணியை ஒரே சாய்வாகக் கணக்கிடும் எளிய சமன்பாடு) போதுமா என்று முதலில் பாருங்கள். உயர்ந்த படி போட்டால் நெபுலாவின் மெல்லிய ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். இரண்டு படங்களுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். நிலா இருந்த இரவென்றால் ஆக்சிஜன் படம்தான் அதிகம் அடிவாங்கியிருக்கும்.

பிறகு ஸ்டார்நெட் என்ற மென்பொருளால் நட்சத்திரங்களைப் பிரித்து (தனியாக நிறுவி, சிரிலுக்கு இடம் காட்ட வேண்டும்), ஹைட்ரஜன், ஆக்சிஜன் படங்கள் இரண்டையும் வேறுவேறு அளவில் ஸ்ட்ரெச் செய்து (மங்கலான பகுதிகளைப் பிரகாசமாக்கி), சிரிலின் பிக்சல் மேத் என்ற கணக்குக் கருவியில் சேர்க்கலாம். சிவப்புக்கு ஹைட்ரஜன், நீலத்துக்கு ஆக்சிஜன், பச்சைக்கு 0.3 ஹைட்ரஜன் + 0.7 ஆக்சிஜன் என்று ஆரம்பியுங்கள். பிரிப்பு சரியாக இருந்தால், ரோசெட்டின் நடுக்குழியைச் சுற்றி நீலப்பச்சையும் வெளி இதழ்களில் சிவப்பும் தனித்தனியே தெரியும். திரையில் காட்டும் ஆட்டோஸ்ட்ரெச் பார்வைக்கு மட்டும். அதை நம்பிச் சேமித்தால் கறுப்புப் படம்தான் மிஞ்சும்.

சிரிலால் முடியாததும் உண்டு. குதிரைத்தலை நெபுலாவுக்குப் பக்கத்திலுள்ள அல்னிடாக் போன்ற பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி ஃபில்டர் உண்டாக்கும் வளையத்தை இது நீக்காது. இன்னொன்று, இடம். 3008×3008 சென்சாரில் ஒரு ஃபிரேம் 18 எம்பி. 60 ஃபிரேம் 1 ஜிபியைத் தாண்டும். ஓடும்போது 32-பிட் இடைக்கோப்புகள் அதைப்போல் பல மடங்கு பிடிக்கும். வேலை முடிந்ததும் ப்ராசஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு, மூல ஃபிட்ஸ் கோப்புகளையும் (கேமரா தந்த படங்கள்) மாஸ்டர்களையும் (டார்க், ஃப்ளாட், பயாஸ்களை அடுக்கிக் கிடைத்தவை) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.