ட்ரோனா, முக்காலியா: வெள்ளவத்தையில் ஒரு தொடக்கக் காட்சி

எங்கள் மாணவர் குறும்படம் கொழும்பின் கடலோரப் பகுதியான வெள்ளவத்தையில், தொடர்மாடி ஒன்றின் சமையலறையில் தொடங்குகிறது. அந்தச் சமையலறை எந்த ஊரில், எந்தக் கடலோரத்தில் இருக்கிறது என்பதை அதற்கு முன்வரும் இரண்டு நிலக்காட்சி ஷொட்டுகள் சொல்லியாக வேண்டும். அவற்றை ட்ரோனிலும் எடுத்தோம், மொட்டைமாடியில் கமராவை முக்காலியில் வைத்தும் எடுத்தோம். நான் முக்காலியின் பக்கம்.

ட்ரோனின் சிறப்பை விளக்கத் தேவையில்லை. கடலின் மேலிருந்து கரையை நோக்கினால் தண்டவாளம், மரைன் டிரைவ், நெருங்கி நிற்கும் தொடர்மாடிகள் என ஊர் முழுவதும் ஒரே அசைவில் விரிகிறது. மொட்டைமாடியால் அதைத் தர முடியாது. செலவு வேறுபாடும் எல்லோரும் அறிந்ததே.

எனக்கு முடிவைத் தந்தது, அதே ஷொட்டை மறுபடி எடுக்க முடியுமா என்ற கேள்விதான். ஷொட் நான்கு விநாடி போதாது என்பதும், அடிவானம் சற்றே சரிந்திருக்கிறது என்பதும் படத்தொகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் தெரியவரும். ட்ரோனைப் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். எங்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு மாலை. அன்று மேற்கே முகில் மூடிக்கொண்டது, காற்றை எதிர்த்தே பற்றரியும் தீர்ந்தது. சில மாதம் பொறுத்து மீண்டும் எடுக்கலாம் என்றாலும், டிசம்பரில் தென்மேற்கே மறையும் சூரியன் ஜூனில் வடமேற்கே மறைவதால், பழைய ஷொட்டோடு புதியது ஒட்டாது.

மொட்டைமாடியிலோ, தண்ணீர்த் தாங்கிக்கு அருகே முக்காலியின் கால்கள் நின்ற மூன்று இடங்களிலும் வெள்ளைப் பெயின்றால் புள்ளி வைத்து, லென்ஸையும் உயரத்தையும் கொப்பியில் குறித்துக்கொண்டு, மூன்று வாரங்களுக்குள் ஒன்பது காலைகள் ஏறினோம். காலையில் சூரியன் நமக்குப் பின்னால் எழுகிறது. முதலில் தொடர்மாடிகளின் நிழல் தண்டவாளத்தை மூடிக் கிடக்கும், வெயில் ஏற ஏற அது பின்வாங்கும். அந்த நிழலின் விளிம்பு தண்டவாளத்தை விட்டு விலகும் கணத்தையே அடையாளமாக வைத்து எடுத்ததால், மூன்றாம் நாள் ஷொட்டையும் எட்டாம் நாள் ஷொட்டையும் அடுத்தடுத்து வைத்தபோது ஒளி மாறியதே தெரியவில்லை. கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போகும் ரெயிலின் வாசலில் தொங்கி நிற்பவர்களின் சட்டை நிறங்கூடத் துலங்குகிறது.

ஒலியிலும் முக்காலிக்கே ஆதாயம். ட்ரோனின் இரைச்சலில் எதையும் பதிவுசெய்ய இயலாது. மொட்டைமாடியில் காகமும் அலையும் ரெயிலின் ஹோர்னும் படத்தோடு சேர்ந்தே கிடைத்தன.

ட்ரோனை ஒரு மாலைக்கு மேல் கையாண்டவன் அல்லன் நான். ஏறி நிற்க உயர்ந்த கூரையில்லாத இடங்களில் என் கணக்கு மாறக்கூடும். வெள்ளவத்தையைப் பொறுத்தவரை, ஒன்பதாம் நாள் ஷொட்டே படத்தில் இருக்கிறது. அதன் இறுதியில் ஒலிக்கும் ஹோர்ன், அடுத்த காட்சிக்கு மாறும் வெட்டைத் தாண்டி, சமையலறையில் அம்மா பானையை மூடும் வரை நீள்கிறது.